கண்ணுக்குத் தெரியாத தூசு

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் தேதியை இவ்வட்டாரத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமத்திராவில் காடும் சதுப்பு நிலமும் எரிந்த புகையைத் தென்மேற்குக் காற்று மலாக்கா நீரிணை தாண்டிக் கொண்டுவந்தது. கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டவே, அரசாங்கம் அங்கே அவசரகாலம் பிரகடனம் செய்தது. பள்ளிகள் மூடப்பட்டன.

புகைமூட்டம் கண்ணை எரித்தது, தொண்டையைக் கரித்தது, மழை பெய்ததும் போய்விட்டது என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் கண்ணை எரிக்கும் புகையைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத தூசே பொல்லாதது.

பாலை வடிகட்டும்போது இலையும் பட்டைத் துணுக்கும் சல்லடையில் நின்றுவிடும். நம் மூக்கும் ஒரு சல்லடைதான். பெரிய தூசு மூக்கு மயிரிலும் சளியிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தப்பியதை மூச்சுக்குழாயிலுள்ள நுண்ணிய இழைகள் சளியோடு மேலே தள்ள, நாம் இருமித் துப்பிவிடுகிறோம்.

சல்லடைக்குத் தப்பும் தூசை என்ன செய்வது? இரண்டரை மைக்ரோன் தூசு, தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். அது நுரையீரலின் அடியிலுள்ள காற்றுப் பைகள் வரை போய்விடும். இருமல் அங்கே எட்டாது. அங்குள்ள காவல் அணுக்கள் தூசை விழுங்கிப் போராடுவதால் அழற்சி உண்டாகிறது. மிக நுண்ணிய துகளோ, பையின் மெல்லிய சுவரைக் கடந்து இரத்தத்திலேயே கலந்துவிடும். ஆகவேதான் ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இத்தூசால் வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இதைப் புற்றுநோய்க் காரணி என 2013இல் அறிவித்தது. ஆயினும், நம் நாட்டுக் குறியீட்டில் இரண்டரை மைக்ரோன் தூசு கணக்கில் சேர்ந்தது 2018இல்தான்!

புகைமூட்டம் இல்லாத நாளிலும் இத்தூசு உண்டு. பிரிக்பீல்ட்ஸ் சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் பின்னாலும் டீசல் புகையாக அது வருகிறது.

இதை அதிகம் விழுங்குபவர் யார்? சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். மரத்துக்கு மரம் விரைந்து வெட்டிப் பால் வாளி சுமப்பவர் அதைப்போல் பல மடங்கு இழுக்கிறார். மூச்சு வாங்கும்போது வாயால் இழுப்பதால், மூக்குச் சல்லடையும் பயன்படுவதில்லை. முகத்தில் துண்டைக் கட்டினால் நுண்தூசு நிற்காது. முகத்தோடு பொருந்திய என்95 கவசமே தடுக்கும்.

குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளியில் திடல் விளையாட்டை நிறுத்துகிறார்கள். 200ஐத் தாண்டினால் பள்ளியையே மூடுகிறார்கள். பிள்ளைக்கு ஆகாத காற்று தகப்பனுக்கு மட்டும் ஆகுமா? ஒருநாள் வெட்டாவிட்டால் அன்றைய கூலி போகுமே என்றுதான் தொழிலாளி புகையிலும் மரத்தடிக்குப் போகிறார்.

ஆகவே தோழர்களே, கிராணித் தோழர்கள் அன்றன்று குறியீட்டைப் பார்த்துப் பெரட்டுக் களத்தில் சொல்லட்டும். நிர்வாகம் கவசம் கொடுக்கட்டும். காற்று கெட்ட நாளில் வேலையை நிறுத்தினால் கூலியை வெட்டக் கூடாது என்பதை ஒப்பந்தப் பேச்சில் வைப்போம். கூலிக்கு உழைப்பைத்தான் விற்றோம், நுரையீரலை விற்கவில்லை!