நோன்பும் கணையமும்
(ரமளானை முன்னிட்டு ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் உடலிலுள்ள சில சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது. தாம் சுரப்பதை நேராக இரத்தத்தில் கலக்கின்றன. ஆதலால் அவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். அவை அனுப்பும் ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவினவாயினும், வளர்ச்சி, பசி, உறக்கம் முதலியவற்றை ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றுள் நோன்போடு நெருங்கிய தொடர்புடைய கணையத்தைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இரைப்பைக்குப் பின்னால் அமைந்த கணையம், செரிமான நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அதனுள் சிதறிக் கிடக்கும் நுண்ணிய திட்டுகளை 1869-இல் ஜெர்மானியரான பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தார். அத்திட்டுகளே இன்சுலினையும் குளுக்ககானையும் இரத்தத்தில் கலக்கின்றன.

சஹர் உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. உடனே இன்சுலின் சுரந்து, அதனைத் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்க்கிறது. நேரம் செல்லச் செல்ல இன்சுலின் குறைந்து, குளுக்ககான் மிகுகிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வழங்குகிறது. அஸர் நேரத்திலும் நம் மூளைக்கு உணவு கிடைப்பது இவ்வாறுதான். நோன்பாளி அறியாமலே நடைபெறும் இவ்வரவு செலவு, படைத்தவனின் அருளன்றோ!

சர்க்கரை நோயாளிக்கோ இக்கணக்கு பிசகியிருக்கிறது. இன்சுலின் அறவே சுரக்காதவர் ஊசியை நிறுத்தினால், கொழுப்பு கரைந்து இரத்தம் அமிலத்தன்மை அடையும், உயிருக்கே ஆபத்து. வழக்கமான அளவு ஊசியையோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையையோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால், சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். 1922-இல் டொராண்டோவில் இன்சுலின் சிகிச்சை தொடங்கும் முன், முதல் வகை நோயாளிகள் நெடுநாள் வாழ்வது அரிது. அத்தகைய மருந்தைத் தாமாக நிறுத்துவது பேணுதல் ஆகாது.

ஊரார் பேச்சுக்கு அஞ்சி நோயை மறைத்து நோன்பு நோற்போர் நம்மில் உண்டு. பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்குச் சலுகை அளித்துள்ளன. குணமடைவோர் பின்னர் களாச் செய்யலாம்; அதற்கு வாய்ப்பற்றவர் ஃபித்யா வழங்கலாம். நோற்க விரும்புவோர் ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரை அணுகி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரையைப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-ஐத் தாண்டினாலோ, மஃரிபுக்குச் சில நிமிடங்களே இருப்பினும் நோன்பை முறித்துவிட வேண்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே பரிசோதித்தல் அவசியம். வீட்டார் இதனை அறிந்து வைத்திருப்பது கடமை.

இவ்வுடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணி அவனை வணங்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.