ஒடுக்கு எடுத்தால் ஓடும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

குழுக் கடனில் சைக்கிள் கடை வைத்திருப்பவள் நான். தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லோரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு சின்ன வேலையைச் சொல்கிறேன்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிள் புதுசு இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்த காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டவர்கள் நம்ம அம்மாமார்கள். ஆனால் இன்றைக்கு எத்தனை வீட்டுக் கொல்லையில் சைக்கிள் சும்மா சாய்ந்து கிடக்குது! பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்ததாக இருக்கும். எங்கேயோ விழுந்து, மட்கார்டு நசுங்கி டயரில் உரசும். மிதித்தால் கனக்கும். "இனி ஆகாது" என்று ஓரம் கட்டிவிட்டு, ரேஷன் கடைக்கு நாம் நடந்து போகிறோம்.

பித்தளைக் குடத்தில் ஒடுக்கு விழுந்தால் தூக்கியா போடுகிறோம்? இதுவும் அப்படித்தான்.

முதலில் நட்டுகளைக் கழற்றி மட்கார்டைத் தனியாக எடுங்கள். சேற்றைக் கழுவித் துடையுங்கள். மணல் நிரப்பிய சாக்குப்பையின் மேல், வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். உள்பக்கத்திலிருந்து மரச்சுத்தியால் தட்டணும். இரும்புச் சுத்தி வேண்டாம். தகடு நீண்டு புடைத்துக்கொண்டால் அதைப் பழையபடி கொண்டுவருவது கஷ்டம். பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிக்கக் கூடாது. ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி, மெல்ல நடுவுக்கு வரணும். கடைசியில் உள்ளே உருட்டையான கட்டையை வைத்து, வெளியே மேடாக இருக்கும் இடத்தை லேசாகத் தட்டினால் சமமாகிவிடும். மடங்கிய விளிம்பைத் துணி சுற்றிய குறடால் நிமிர்த்துங்கள். தகடு கையை வெட்டும், கவனம்.

பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழைக்கே துரு ஏறிவிடும்.

மாட்டும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரல் அளவு இடைவெளி சுற்றிலும் இருக்கணும். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். வளைந்த கம்பியையும் நிமிர்த்துங்கள். முன் மட்கார்டு நட்டை இரண்டு தடவை சோதியுங்கள். அது கழன்று சக்கரத்தில் மாட்டினால், ஓட்டுகிற பிள்ளை தலைகுப்புற விழும்.

விரிசல் இருந்தால் தட்டாதீர்கள், இன்னும் கிழியும். அதற்குத் தகடு வைத்து ரிவெட் அடிக்கணும். துருப்பிடித்து ஓட்டை விழுந்ததற்குப் புதுசுதான் வழி. அதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடணும்.

இன்னொன்று. "ஒரு தட்டுத் தட்டிக் கொடு அக்கா" என்று வருகிறவர்கள், காசு என்றதும் முகம் சுளிப்பார்கள். ஜாக்கெட் தைத்தால் கூலி உண்டு, இதற்கும் உண்டு. புதிய பொருள் எதுவும் போடவில்லை என்பதற்காக நம்ம நேரம் இலவசம் ஆகிவிடாது. வேலையைத் தொடுவதற்கு முன்பே கூலியைச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பேனர், குறடு, மரச்சுத்தி, பம்பு அடங்கிய ஒரு பெட்டி ஊராட்சிக்கு ஒன்று வாங்கி வைப்போம். ஒவ்வொரு குழுவும் கொல்லையில் கிடக்கும் சைக்கிள் ஒன்றைக் கொண்டு வரட்டும். நான் வந்து கற்றுத் தருகிறேன். ஒரு சைக்கிள் ஓடினால், ஒரு அம்மாவுக்கு நடை மிச்சம்.