மூன்றாம் நாள்வரை திறந்திருக்கும் வழி



லக்கலப் பகுதியில் தாய்மார் கிளினிக்கில் வேலை செய்த நாம் இருவரும் சேர்ந்தே இந்த உரையை எழுதினோம்.

விஞ்ஞானக் கொப்பியில் நாம் வரைந்த நான்கறை இதயம் நினைவிருக்கும். கருவிலுள்ள பிள்ளைக்கு அந்த அம்புக்குறிகள் பொருந்தா. அதற்கு ஒட்சிசன் தாயின் சூல்வித்தகத்தால் வருகிறது. நுரையீரலுக்குக் கொஞ்ச இரத்தமே போகிறது. மற்றது இரண்டு குறுக்குவழிகளால் ஓடுகிறது. ஒன்று மேலறைகளுக்கிடையே உள்ள துவாரம். மற்றது நுரையீரல் நாடியைப் பெருநாடியுடன் இணைக்கும் சிறு குழாய்.

இதனால்தான் பெருங்குறையுள்ள இதயமும் வயிற்றுக்குள் அமைதியாக வளர்கிறது. இடப்பக்கம் வளராத இதயத்தில் மேலறைத் துவாரத்தின் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பிவிடும். உடம்புக்கு இரத்தம் அந்தச் சிறு குழாயாலேயே கிடைக்கும். பிறந்தபின், பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள், குழாய் மூடிக்கொள்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாயின் முதற்பிள்ளை நன்றாக அழுதது, பால் குடித்தது. மூன்றாம் நாள் நீலமாகியது. றிவஸ்டன் மலைப்பாதையால் றத்தோட்டை கடந்து மாத்தளைக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை தங்கவில்லை.

“நான் என்ன பிழை விட்டேன், மிஸ்?” என்று அவர் எம்மைக் கேட்டார். அன்னாசி சாப்பிட்டதால் என்று வீட்டில் சொன்னார்களாம். இதயம் எட்டாம் வாரமளவில் உருவாகி முடிகிறது; பலருக்குக் கர்ப்பமே அப்போதுதான் தெரியவரும். காரணம் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அகப்பட்ட ஒன்று ருபெல்லா. அதற்கு இலங்கையில் 1996 முதல் தடுப்பூசி உண்டு. மகள்மாருக்குப் போட்டாயிற்றா என்று பாருங்கள்.

அவர் மறுபடி கர்ப்பமானபோது, இருபதாம் வாரத்தில் இதய ஸ்கேனுக்கு நாமே கூட்டிச் சென்றோம். குறை முன்பே தெரிந்தால், பெரிய வைத்தியசாலையில் பிரசவத்தை வைத்து, புரொஸ்டாகிளான்டின் மருந்தால் குழாயைத் திறந்தே வைத்திருக்கலாம். பிறகு கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு அனுப்பலாம்.

திரையில் நீலம் தெரிந்ததும் அவர் எம் கையை இறுகப் பிடித்தார். டொப்ளர் ஸ்கேனில் சிவப்பு கருவியை நோக்கி வரும் இரத்தம், நீலம் விலகிச் செல்வது. ஒட்சிசனுக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பில்லை என்று டொக்டர் விளக்கினார். இரண்டு ஓட்டமும் சரியாகவே இருந்தன.

அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு.