தொலையாத நூல்களும் ஓர் எடிற்றரும்
(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணினி நிரல் எழுதுவோர் கையாளும் எடிற்றரைப் பற்றி இம்மேடையிற் பேசப்போகின்றோமென்று அறிவித்தபோது, செயற்குழுவிலுள்ள பெரியவர் ஒருவர், "இதற்கும் நமது மன்றத்துக்கும் என்ன தொடர்பு?" என்று வினவினார். நியாயமான வினாவே. தொடர்பு உண்டு, அது நம்முடைய நூலகத்தில் நிகழ்ந்தது. அதனாற் குற்றமற்ற ஒருவர் மீது குற்றஞ் சாட்டும் நிலைக்கு நாம் வந்தோம். அதனைச் சொல்லுமுன், கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், பொறுத்தருள்க.

கடிதம் எழுதவும் அழைப்பிதழ் அமைக்கவும் நாம் பயன்படுத்தும் மென்பொருள், எழுத்தோடு எழுத்தின் பருமன், நிறம், பக்க ஓரம் முதலியவற்றையும் சேர்த்துக் கோப்பில் வைக்கின்றது. நிரலாளரின் எடிற்றர் அப்படியன்று. அதில் எழுத்து மாத்திரமே உண்டு, அலங்காரம் இல்லை. நாம் அடித்தது எதுவோ அதுவே கோப்பில் இருக்கும்.

இவ்வகைக் கருவிகளின் முன்னோர்களில் ஒன்றை 1969ஆம் ஆண்டிற் கென் தொம்சன் என்பார் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் எழுதினார். 'எட்' என்பது அதன் பெயர். அக்காலத்திற் பலரிடம் திரையே இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற ஒன்று தாளில் அடித்துக் காட்டும். பிழையான கட்டளை கொடுத்தால் 'எட்' ஒரேயொரு கேள்விக்குறியை மாத்திரம் அடித்துவிட்டு மௌனமாகிவிடும். பிழை என்னவென்று நாமே கண்டுகொள்ள வேண்டும். பழைய வாத்தியார்மார் சிலரை நினைவூட்டும் குணம்!

பின்னர் 1976இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் பட்டப்பின் மாணவராயிருந்த பில் ஜோய், 'வீ-ஐ' என்னும் எடிற்றரை எழுதினார். வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே அவர் பெற்ற வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து. வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட ஒரு திரை முழுவதும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே கட்டளைகளெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்தாகச் சுருங்கின. அவர் கையாண்ட 'ஏ.டி.எம். 3ஏ' என்ற முனையத்தில் எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனாலேதான் இன்றும் அவ்வெடிற்றரின் வழிவந்தவற்றிற் கேர்சரை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்த அந்நான்கு விசைகளும் பயன்படுகின்றன. முனையங்கள் நூதனசாலைக்குப் போய்விட்டன. விரலின் பழக்கம் போகவில்லை.

அவ்வழியில் வந்ததே 'விம்'. எழுதியவர் ஒல்லாந்து நாட்டவரான பிராம் மோலெனார். இப்பெயரைக் கேட்ட நமது பெரியவர் ஒருவர், "திருமூலனாரோ?" என்று கேட்டது இங்கு பலருக்கு நினைவிருக்கும். 1988இல் 'அமிகா' என்னும் கணினி ஒன்றை வாங்கிய மோலெனார், தாம் பழகிய வீ-ஐ அதற்கு இல்லாமையினால், வேறொருவர் எழுதிய சிறிய நிரலொன்றை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1991இல் அது பொதுமக்களுக்கு வெளிவந்தது.

இதனை நாம் தெரிந்தெடுத்தமைக்குப் பெரிய காரணம் இல்லை. இலவசமானது, மன்றத்திலுள்ள பழைய கணினியிலும் ஓடக்கூடியது. ஆயினும் இலவசமாய் வந்ததென்பதற்காக அப்படியே ஏற்றுக்கொள்ளாமற் சோதித்துப் பார்ப்பதென்று இளைஞர்கள் முடிவு செய்தனர். சந்தையில் மண்பானை வாங்கும் அம்மாகூடத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகின்றார்!

முதற் சோதனை மின்சாரத்தைப் பற்றியது. 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இன்றி நாம் இருந்த நாட்களிற் பாதி அடித்த கடிதங்கள் எத்தனை மறைந்துபோயின என்பதை நாம் மறக்கவில்லை. ஆகவே ஒரு பக்கத்தை அடித்தோம், சேமிக்கவில்லை, கணினியின் மின்னிணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். பார்த்துக்கொண்டிருந்த பொருளாளரின் முகம் வெளுத்தது. மீண்டும் ஏற்றிக் கோப்பைத் திறந்தபோது, முடிக்கப்படாத வேலை ஒன்று உண்டென்று விம் அறிவித்து, மீட்கவோவென்று கேட்டது. மீட்டோம். கடைசிச் சில சொற்கள் நீங்கலாக யாவும் வந்தன. எழுதுவதற்கிடையே விம் தனியான ஒரு நிழற்கோப்பை வைத்துக்கொள்கின்றது. 200 எழுத்து அடித்தவுடன், அல்லது கை நான்கு வினாடி ஓய்ந்தவுடன், அதிற் பதிந்துவிடுகின்றது. இச்சோதனையில் அது நன்றாகத் தேறியது.

இரண்டாவது சோதனையிற் கருவி தேறவில்லையா, நாம் தேறவில்லையா என்று சொல்வது கடினம். விம்மில் இரு நிலைகள் உண்டு. ஒன்று எழுதும் நிலை. மற்றது கட்டளை நிலை. கட்டளை நிலையில் விசையை அழுத்தினால் எழுத்து விழாது, வேலை நடக்கும். தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு எழுதிவிட்டுக் கட்டளை நிலைக்குத் திரும்பினால், நாம் அழுத்துவது 'எக்ஸ்' விசையாயினும் போய்ச் சேர்வது ஒரு தமிழெழுத்து. விம்முக்கு அது கட்டளையாகப் படாது. முதல் வாரம் முழுவதும் பிள்ளைகள் விசைப்பலகையை மாற்றி மாற்றிக் களைத்துப்போயினர். இருவர் இனி இது வேண்டாமென்றே எழுந்து போயினர். பின்னர் கையேட்டைப் படித்த ஒருவர், விம்முக்குள்ளேயே ஒரு விசைப்படம் எழுதிச் சேர்க்கலாமென்று கண்டார். அதைச் சேர்த்தால் எழுதும் நிலையில் மாத்திரம் தமிழ் விழும். கட்டளைகள் தம்பாட்டில் நடக்கும். கையேட்டை முதலிலேயே படித்திருந்தால் ஒரு வாரமும் மிஞ்சியிருக்கும், அவ்விருவரும் மிஞ்சியிருப்பர்.

மூன்றாவது, தமிழெழுத்தை அழிக்கும் முறை. 'தமிழ்' என்பதில் நமக்கு எழுத்து மூன்று. யுனிக்கோட் முறையிற் கணினிக்கு அது ஐந்து குறி: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. கோப்பில் ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடம்பிடிக்க, மொத்தம் 15 பைற்று. விம்மிற் பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்த 'ழ்' முழுவதும் போகின்றது. புள்ளி மாத்திரம் போகவேண்டுமானால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, நாமே அமைத்துக்கொள்ளலாம். இளைஞர்கள் முழு எழுத்தும் போவதே முறையென்றனர். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்ரரோ, "குறிலை நெடிலாக்க வேண்டுமெண்டால் விசிறியை மட்டும்தானே மாத்தவேணும், எழுத்தை ஏன் அழிக்கிறியள்?" என்றார். பிழை திருத்தியே பழகிய கை அவருடையது. நாம் மாஸ்ரர் பக்கம்.

இனி நூலகக் கதைக்கு வருவோம்.

கூரை ஒழுகியமையால் நூல்களைப் பெட்டிகளிற் கட்டி அயல்வீட்டில் வைத்திருந்த காலம் அது. வெளிநாட்டில் வாழும் குடும்பம் ஒன்று தம் பாட்டனாரின் நூல்களை முன்னர் நமக்கு அன்பளிப்பாகத் தந்திருந்தது. அக்குடும்பத்தவர் ஒருவர் ஊருக்கு வந்து, அந்நூல்களைக் காணவேண்டுமென்றார். பெட்டிகளை அவிழ்க்க இயலாதாகையாற் கணினியிலுள்ள பட்டியலிலே தேடிக் காட்டினோம். சிவஞானசித்தியார் இருந்தது. பெரியபுராணம் இருந்தது. சிவஞானபோதம் இல்லையென்று கணினி சொன்னது. தொல்காப்பியம் இல்லை. கோயிற்புராணம் இல்லை. வந்தவர் ஒன்றும் கடிந்து பேசவில்லை. முகம் வாடிப் போய்விட்டார். பின்னர் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

பட்டியலைப் பதிந்தவர் மாஸ்ரர். நூல்களைப் பொறுப்பேற்றவரும் அவரே. "என் கையாலே பதிந்தனான் தம்பி" என்பதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. செயற்குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. விளக்கங் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று தீர்மானித்து, அதன் நகலும் தயாராயிற்று. அந்நகலை எழுதிய கையும் இக்கூட்டத்தில்தான் இருக்கின்றது, மறைக்கவில்லை.

அவ்வாரமே, பெரிய கோப்பொன்றை விம் எப்படித் தாங்குகின்றதென்று பார்க்க நூலகப் பட்டியலை அதில் ஏற்றினோம். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்த தங்கை ஒருத்தி, "இங்கே சிவஞானபோதம் இருக்கிறதே!" என்று கூவினாள். எல்லோரும் கூடிப் பார்த்தோம். இருந்தது. அச்சொல்லை அடித்துத் தேடினோம், இல்லையென்றது. கண்ணுக்கு முன்னே இருக்கின்றது, கணினிக்கு இல்லை!

விம்மில் ஒரு சிறிய கட்டளை உண்டு. கேர்சரை ஓரெழுத்தின் மேல் வைத்து 'ஜி', 'ஏ' என்ற இரு விசைகளையும் தொடர்ந்து அழுத்தினால் அவ்வெழுத்தினுள் இருக்கும் எண்களைக் காட்டும். பட்டியலிலிருந்த 'போ'வின் மேல் வைத்து அழுத்தினோம்: 2986, 3015, 3006. நாம் புதிதாக அடித்த 'போ'வின் மேல் அழுத்தினோம்: 2986, 3019. முதலாவது, பகரத்தின் முன் இரட்டைக் கொம்பும் பின் அரவும் வெவ்வேறாக வந்தது. இரண்டாவது, அவ்விரண்டும் சேர்ந்து ஒரே குறியாய் வந்தது. திரையில் வேற்றுமை அணுவளவும் இல்லை. யுனிக்கோட் நெறியும் இவ்விரண்டையும் சமமென்றே கொள்ளுகின்றது. ஆனால் எடிற்றர்கள் பலவும் தேடும்போது எண்ணுக்கு எண் ஒத்துப் பார்க்கின்றனவேயன்றி அச்சமத்தைப் பார்ப்பதில்லை, விம்மும் அப்படியே.

இது எங்ஙனம் நேர்ந்தது? மாஸ்ரர் பதிந்த காலத்தில் நம் நாட்டிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவிற் பதிந்தார். அதிற் கொம்பு தனி விசை, மெய் தனி, அரவு தனி. அச்சுக் கோப்பதுபோல் ஒவ்வொன்றாக அடிக்கவேண்டும். பின்னர் அதனை யுனிக்கோட்டுக்கு மாற்றியவர்கள் நாம். நாம் பயன்படுத்திய மாற்றி கொம்பையும் அரவையும் சேர்க்காமலே விட்டுவிட்டது. மாற்றியபின் சோதித்துப் பார்க்கவேண்டிய கடமை நம்முடையது, சோதிக்கவில்லை. ஆகவே ஒகர ஓகாரம் ஏறிய நூற்பெயர்களெல்லாம் தேடலுக்கு அகப்படாது ஒளிந்துகொண்டன. சித்தியார் அகப்பட்டதும் போதம் அகப்படாததும் இதனாலேயே.

திருத்தியது பெரிய வேலையன்று. பட்டியலின் பிரதியொன்றை எடுத்து, பைதன் மொழியில் நாலைந்து வரி எழுதிப் பிரிந்த குறிகளைச் சேர்த்தோம். பழையதையும் புதியதையும் விம்மில் அருகருகே திறந்து, மாறிய வரிகளை மாத்திரம் நிறங்காட்டச் செய்து, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடினமாயிருந்தவை வேறு இரண்டு. ஒன்று 'ஸ்ரீ'. 2005இல் யுனிக்கோட்டில் 'ஶ' என்னும் எழுத்துச் சேர்ந்தபின், 2998 என்ற எண்ணில் தொடங்கும் ஸ்ரீயும் 3000 என்ற எண்ணில் தொடங்கும் ஸ்ரீயும் உலவுகின்றன. எழுத்துருக்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வடிவிற் காட்டுகின்றன. இவை சமமென்று நெறியில் இல்லையாதலின் நிரல் சேர்த்துவைக்காது. மற்றது ஔகாரக் குறியின் வலப்பாதிக்குப் பதிலாக ளகரத்தை அடித்துவிடுவது. கௌரி என்ற பெயரிற் கொம்பும் ளகரமும் வந்து குந்திக்கொள்ளும். இதைக் கண்மூடி மாற்றினால் 'வெளி'யும் 'வெள்ளி'யும் கெட்டுப்போகும். ஆகவே ஒவ்வோரிடத்திலும் நிறுத்தி, மாற்றவோவென்று கேட்கும்படி விம்மைப் பணித்தோம். கேட்கக் கேட்க மறுமொழி சொன்னவர் மாஸ்ரர். மூன்று மாலைப்பொழுதுகள் சென்றன. இளைஞர்கள் விசையை அழுத்த, "மாத்து", "விடு", "மாத்து" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மோலெனாரைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். 1994இல் அவர் உகண்டா நாட்டின் தென்பகுதியிலுள்ள கிபாலே என்ற ஊரிற் சிறுவர் நிலையம் ஒன்றில், நீர் வசதி, கழிவகற்றல் முதலியவற்றைக் கவனிக்கும் பொறியியலாளராகத் தொண்டாற்றினார். எய்ட்ஸ் நோயினாற் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் இருந்த இடம். திரும்பிவந்தபின், விம்மைப் பயன்படுத்துவோரிடம் அப்பிள்ளைகளுக்கு உதவுங்களென்று கேட்டார். பல்லாண்டுகளாக விம்மைத் திறந்தவுடன் முதலிற் கண்ணிற்படுவது அவ்வேண்டுகோளாகவே இருந்தது. 2023 ஓகஸ்ட் 3ஆம் நாள், தமது 62ஆம் வயதில் அவர் காலமானார். 2024 ஜனவரியில் வந்த 9.1ஆம் பதிப்பை அவருடன் உழைத்தோர் அவருக்கே காணிக்கையாக்கினர். நமது பிள்ளைகள் அவ்வேண்டுகோளை வாசித்து, ஒருநாட் சிற்றுண்டிப் பணத்தை ஒதுக்குவோமென்று தாமாகவே பேசிக்கொண்டனர்.

மாஸ்ரருக்கென எழுதிய நகலைக் கிழித்தோம். அன்பளிப்புத் தந்த குடும்பத்தவருக்கு, நூல்கள் உள்ளன, பிழை எம்முடையது என்று எழுதி, திருத்திய பட்டியலையும் இணைத்து அனுப்பினோம். மாஸ்ரரிடம் நேரிற் போய் வருத்தம் தெரிவித்தபோது அவர் கேட்டது ஒன்றே: "அந்த எண் காட்டிற கட்டளை எது தம்பி?" ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தோம். இப்போது நூலக மேசைக் கண்ணாடியின் கீழே அத்தாள் இருக்கின்றது. கூரை வேலை முடிந்துவிட்டது; பெட்டிகள் வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவருகின்றன. தூக்குவதற்கு ஆட்கள் வேண்டும். காலை எட்டு மணிக்கு வருக.