கார் ஷெட்டில் படகு என்ஜின்கள்

(ஆதரவாளர் நன்றி ஸ்தோத்திரக் கூட்டத்தில் நமது ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



கணக்கு அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு சகோதரர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மருந்துச் செலவு புரிகிறது, ஏழை நோயாளர் நிதி புரிகிறது, ஜெனரேட்டர் டீசல் புரிகிறது. ஆனால் "கார் ஷெட்டுக்கு இரும்பு ஷட்டர், படகு என்ஜின்கள் வைக்க மரச்சட்டம்" என்று ஒரு வரி இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்கும் படகு என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. காணிக்கை கொடுத்தவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஒரு தபால் அட்டையில் அடங்குகிற பதிலாக அது இல்லாததால், இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட வேளையை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

வைத்திக்குப்பம் உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். புதுவை நகரத்தின் வடக்கே, குருசுக்குப்பத்தை ஒட்டி இருக்கும் மீனவர் குடியிருப்பு. மாசிமகத்தன்று சுற்றுவட்டாரத்து உற்சவ மூர்த்திகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வருகிற கடற்கரை அது. ஒரு காலத்தில் அங்கே அகலமான மணல்வெளி இருந்தது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலை தடுப்புக் கரைகள் கட்டிய பிறகு, வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. கடல் மணலை அரித்துக்கொண்டு வீடுகளுக்குப் பக்கத்தில் வந்தது. இப்போது அங்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். படகை ஏற்றி வைக்க இடமில்லாத ஊரில் புயல் என்றால் முதல் கவலை எதைப் பற்றி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை. தானே புயல் வருகிறது என்று வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள். (இந்தக் கூண்டு எண்கள் கப்பல்காரர்களுக்கு ஏற்பட்டவை. 8-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம், புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதுதான். கரையில் குடியிருப்பவர் எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அந்த எண் சொல்லாது. நமக்கோ அது பரீட்சை மார்க் மாதிரி ஆகிவிட்டது: எட்டுதானே, இன்னும் பத்து வரவில்லையே என்கிறோம்.)

அன்று மத்தியானம் வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு ஆயா, காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போட வந்திருந்தார். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாய் விற்ற அம்மாள். சிஸ்டர் அவரை, "இன்னைக்கு ராத்திரி வார்டிலேயே படுத்துக்குங்க" என்றார். ஆயா கேட்கவில்லை. "என்ஜின் வாங்கி ஆறு மாசம்கூட ஆவல. கடன் அப்படியே நிக்குது. புள்ளைங்க அத வூட்டுக்குள்ள தூக்கியாந்து வச்சிருக்கு. ஆள் இல்லாம எப்படிப் பூட்டிட்டு வர்றது?" என்றவர் என் பக்கம் திரும்பி, "என்னா ஃபாதர், நான் போவட்டுமா?" என்று கேட்டார். நான் புராட்டஸ்டண்ட் போதகன். ஆனால் புதுவையில் அங்கி போட்டவர் எவரானாலும் ஃபாதர்தான்.

நான் சொன்ன பதில்: "சரி ஆயா, பாத்துப் போங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? முந்தைய வருஷம், 2010 நவம்பரில், ஜல் புயலுக்கும் இப்படித்தான் எல்லாரும் பதறினோம். அது கரைக்கு வருமுன்னே வலுவிழந்தது. அது மனதில் இருந்தது. கடல் கலங்கியிருந்தாலும் காற்று அப்போது பெரிதாக இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வருஷக் கடைசி இரவு ஆராதனைக்கான பிரசங்கம் பாதியில் மேஜைமேல் கிடந்தது. விழித்திருங்கள் என்பதுதான் அதன் பொருள்.

30-ஆம் தேதி விடியற்காலையில் தானே, கடலூருக்கும் புதுவைக்கும் இடையில் கரை கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாக விழுந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் புதுவையிலுமாக 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் சுவர் இடிந்தும் மரம் விழுந்தும் இறந்தவர்கள்.

காற்று ஓய்ந்த பிறகு, பெயர்த்தெடுத்த கதவுப் பலகையில் படுக்கவைத்து ஆயாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூரை பறந்து பக்கச் சுவர் சாய்ந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவர் என்ஜினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். என்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு சுமார் நான்கு வருஷம் அந்த அம்மாள் உயிரோடிருந்தார். கூடை தூக்கவே இல்லை. ஒருநாள் ஜெபித்து முடித்து எழுந்தபோது, கோபமில்லாமல் சொன்னார்: "நீங்க ஒரு வார்த்த அதட்டியிருந்தா, நான் இங்கியே குந்தியிருப்பேன் ஃபாதர்."

பிரியமானவர்களே, இப்படி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களை அறியாதவர்கள் என்றும் பிடிவாதக்காரர்கள் என்றும் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஆயா புயல் வராது என்று நினைக்கவில்லை. வரும் என்று நம்பியதால்தான் என்ஜினுக்குக் காவல் படுத்தார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைச் செமினரியில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கைதியாகிய பவுல், இனிப் பயணம் ஆபத்து என்று எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதியோ கப்பல் நடத்துகிறவனையும் கப்பல்காரனையுமே அதிகமாய் நம்புகிறான். தெற்கிலிருந்து காற்று இதமாக வீசவே, நினைத்தது பலிக்கும் என்று புறப்படுகிறார்கள். பிறகு கடுங்காற்று மோதுகிறது. மறுநாள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையே தங்கள் கையால் எறிகிறார்கள். ஆயாவுக்குப் பிறகுதான் அந்த இடம் எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் அலை அடித்த பிறகே மாலுமிகளுக்குத் தளவாடத்தை விட மனம் வந்தது. நாமோ வைத்திக்குப்பத்துக்காரரிடம், காற்று வருமுன்னே விட்டுவிட்டு வா என்கிறோம்; திரும்பி வரும்போது அது இருக்கும் என்பதற்கு ஒரு உறுதியும் கொடுக்காமல்!

வெளியூர்க் கதையும் இதேதான். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தின் கரையைத் தாக்கிய புயலில் 3 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். புயல் வருவதை அவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருந்தார்கள். கல் கட்டடம் தேடிப் போனவர்கள் மிகச் சிலரே. பிற்பாடு அந்த அரசு மேடான மண்திட்டுகளைக் கட்டியது. எதற்கு? ஆடுமாடுகளுக்கு. மாடு பிழைக்க இடமிருந்தால்தான் மாட்டுக்காரன் கிளம்புவான். நம் ஒடிசாவில் 1999-ல் 10,000 பேர் வரை பலியானார்கள். 2013-ல் பைலின் புயலுக்கு முன் சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்றியதால் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. இடைப்பட்ட 14 வருஷத்தில் புகலிடக் கட்டடங்கள் எழும்பின, ஊருக்கு ஊர் தொண்டர்கள் பழக்கப்பட்டார்கள். எதை நம்பிப் போகிறோம் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

யார் சொல்கிறார்கள் என்பதும் உண்டு. இதற்குச் சாட்சி நம் புதுவையிலேயே இருக்கிறது. புயலில் அல்ல, சுனாமியில். நல்லவாடு கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் நடத்தியது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்கு டெலிபோன் பண்ணினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அங்கிருந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். 3,600-க்கும் மேற்பட்ட ஜனங்கள் உயிர் தப்பினார்கள். அந்தக் குழாய் கடல் நிலவரம் சொல்லி ஊருக்குப் பழகின குழாய். அதனால் யாரும் நின்று யோசிக்கவில்லை.

வராமல் போன எச்சரிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தபோது நம் கரையெங்கும் சுனாமி எச்சரிக்கை. எல்லாரும் ஓடினோம்; பெரிய அலை வரவில்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுவைக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. தமிழ்நாட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்னதாகவே வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் சொற்பம். அடுத்த வாரமே, "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார்கள். எனக்கு யோனாவின் ஞாபகம் வந்தது. நினிவே கேட்டது, திரும்பியது, அழியவில்லை. ஊர் பிழைத்ததே என்று சந்தோஷப்படாமல், தன் சொல் பலிக்கவில்லையே என்று தீர்க்கதரிசி ஆமணக்குச் செடியின் கீழ் உட்கார்ந்து எரிச்சல்படுகிறான். வானிலை இலாகாக்காரர்கள் யோனாவைவிடப் பொறுமைசாலிகள்.

இனி ஷெட்டின் கதைக்கு வருகிறேன். ஆயா போன பிறகு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய் உட்கார்ந்தேன். எங்கள் வார்டுகளின் நடை உங்களுக்குத் திறந்திருக்கும், ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு காரியம் சொன்னார்கள். ஆண்கள், "என்ஜினை எங்க வைக்கிறது?" என்றார்கள். பெண்கள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, கூட்டத்தோடு தங்குகிற இடத்தில் கக்கூஸுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். இத்தனை வருஷ ஊழியத்தில் இந்த இரண்டில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அறிவிப்பு ஊர் அம்மன் கோயில் மைக்கில்தான் போகிறது. பேசுகிறவர் ஊர்ப் பெரியவர். நான் பக்கத்தில் நிற்பேன். இது உங்களில் சிலருக்குச் சங்கடமாயிருக்கலாம். எனக்கு இல்லை.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தது. 28-ஆம் தேதி, புயலாக மாறாமலே கரை கடக்கலாம் என்றார்கள். 29-ஆம் தேதி புயலாகிவிட்டது. "நேத்து இல்லன்னாங்க, இன்னைக்கு உண்டுங்கிறாங்க" என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் 30-ஆம் தேதி காலையிலேயே ஷெட் ஷட்டரைத் தூக்கிவிட்டோம். முதலில் என்ஜின்கள் வந்தன. ஒவ்வொன்றாய்த் தோளில் சுமந்து வந்தார்கள், பத்துப் பதினைந்து இருக்கும். வாட்ச்மேன் ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டினார். என்ஜின் வந்த வீட்டிலிருந்து ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள்: கிழவிகள், பிள்ளைகள், மாதம் நிறைந்த ஒரு பெண். எல்லா வீடும் வரவில்லை. இரண்டு வீட்டுக்கு நானே போய், இந்த முறை அதட்டினேன். ஒரு வீட்டார் கிளம்பினார்கள்; இன்னொரு வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்று ராத்திரி புயல் கரை கடந்து புதுவைமேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. மறுநாள் அட்வெந்து ஞாயிறு. கோயிலுக்கு வர வழியில்லை, தெருக்களில் ராணுவத்தார் படகில் ஆட்களை மீட்டார்கள். ஆராதனையை வார்டு நடையில் நடத்தினோம். கதவைச் சாத்தியவர்கள் தண்ணீரில் நனைந்தாலும் உயிரோடு இருந்தார்கள். ஸ்தோத்திரம்.

பெண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் கட்டியிருக்கிறோம், போதவில்லை. ஷெட் கூரை மேற்கு மூலையில் ஒழுகுகிறது. ஐப்பசி பிறக்குமுன் இவை இரண்டையும் முடித்துவிட வேண்டும். இந்த வருஷத்து விண்ணப்பம் இதுவே. கடிதம் எழுதிய சகோதரர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன் அவரை ஷெட்டுக்கு அழைத்துப் போகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் கூட வரலாம், சாவி என் பையில்தான் இருக்கிறது.