இரத்தப் பரிசோதனைச் சீட்டு கூறுவது என்ன?



மண்ணைப் பரிசோதித்துச் சீட்டுப் பெற்றால், எந்தச் சத்து குறைவென்று பார்த்தே நாம் உரமிடுகிறோம். ஆனால் நம் இரத்தத்தைப் பரிசோதித்துத் தரும் சீட்டையோ மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம்.

அச்சீட்டின் ஒவ்வொரு வரியிலும் நம் இரத்தத்தில் கண்ட அளவும், நலமுள்ளோருக்குப் பொதுவாக உள்ள அளவும் அடுத்தடுத்து இருக்கும். இவ்விரண்டையும் ஒப்பிடுவதே முதல் வேலை. சிறு வேறுபாடு கண்டதும் அஞ்சவேண்டுவதில்லை. சாதாரணத் தொற்றுக் காய்ச்சலிலும் வெள்ளணுக்கள் கூடலாம். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராமைத் தொட்டாலும், அறிகுறியேதும் இல்லாதவருக்கு மறுபடியும் சோதித்த பின்னரே மருத்துவர் நீரிழிவென்று முடிவு செய்வார்.

ஆயின், நாம் அலட்சியம் செய்யும் வரி ஒன்று உண்டு. அது ஹீமோகுளோபின். பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் பொருள் இதுவே. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் இது குறைந்தால் இரத்தசோகை எனலாம். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இக்குறை இருந்தது. அவர்களுடைய சோர்வை நாம் வேலைக் களைப்பென்றே எண்ணிவிடுகிறோம். பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகுந்தால் இத்தகையோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

காரணம் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே. உணவுக் குறைவாலும், மாதவிடாயில் இரத்தம் மிகுதியாகப் போவதாலும் அது நேரும். வெறுங்காலோடு நடப்போரின் தோல்வழியே கொக்கிப்புழு புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவதும் உண்டு. எது காரணமென்று மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு உட்கொள்ளலாகாது. எலுமிச்சையும் நெல்லியும் அச்சத்து உடலிற் சேர உதவும். மலம் கறுத்துப் போவது இயல்பே. அதற்கஞ்சி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஹீமோகுளோபின் அளவு சரியான பின்னும், உடலில் இரும்புச் சேமிப்பு நிறையும்வரை, மருத்துவர் கூறும் காலம் முழுதும் தொடர வேண்டும்.

பஞ்சாயத்துக்கும் இதிற் பங்குண்டு. கிராம சபைக்குக் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, சீட்டைப் படிக்கக் கற்பிக்கச் செய்யலாம். எல்லோரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்தினால் கொக்கிப்புழு பரவுவது குறையும். முதலில் நம் வீட்டுப் பெண்களின் சீட்டைப் பெட்டியினின்று வெளியே எடுத்து, அந்த ஒரு வரியைப் படித்துப் பார்ப்போமாக.