விளக்குச் சுமந்தவர்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அக்காலக் கிராமத் திருமணங்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். பிறந்த மண்ணைவிட்டுத் தலைநகரில் வந்து குடியேறிய நமக்கு இதனினும் இனிய பொருள் வேறில்லை.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். 1958ஆம் ஆண்டில் என் தமக்கையின் திருமணம் நடந்தபோது எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. மாப்பிள்ளை அழைப்பன்று மாலை, பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் திண்ணையோரம் வரிசையாக வைத்தார்கள். சிறுவர்களாகிய நாங்கள் சூழ்ந்து நின்றோம். முதலில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்துவார்கள்; குழாய் சூடேறியதும் காற்றடிப்பார்கள். பட்டுப் பை போன்ற மாண்டில் எரிந்து சாம்பலாகும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் அந்தச் சாம்பல்தான் ஊரையே பகலாக்கும்!

ஊர்வலத்தின் முன்னே மேளக்காரர்கள் நடந்தார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரம். பலா மரத்தில் குடைந்த தவில். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி ஏந்தித் தவில்காரர் முழக்குவார். கோயில் முனையில் நின்று நாகசுரக்காரர் தோடியைத் தொடங்கினால் ஊர்வலம் நகராது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898-1956) அவர்களின் தோடியைக் கேட்ட செவிகள் அந்நாளில் ஊர்தோறும் இருந்தன. ஆகவே வாசிப்பவருக்குச் சற்றே அச்சமும் இருந்தது. அவர் பின்னால் ஒரு சிறுவன் கன்னம் புடைக்க ஒத்து ஊதிக்கொண்டே வந்தான். இரவு முழுவதும் அவனுக்கு ஒரே ஒரு சுரம்.

அன்பர்களே, இவையெல்லாம் இனிய நினைவுகள். இனிமையற்ற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர்வலத்தின் இருமருங்கும் தலையில் சும்மாடு வைத்து விளக்குச் சுமந்தவர்களுள் ஒருவன், என் வகுப்புத் தோழன். சரிகை வேட்டியுடன் நடந்த என்னைக் கண்டு அவன் புன்னகை செய்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாங்கள் பந்தியில் அமர்ந்து உண்டோம். விளக்குச் சுமந்தவர்களுக்கு எல்லாரும் உண்ட பின்பு கொல்லைப்புறத்தில் சோறிட்டார்கள். அடுத்த வாரம் பள்ளியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதன் பின்னும் பேசவில்லை.

சென்ற கார்த்திகைக் குளிரில் நம் காலனி வாயிலைக் கடந்து இவ்வூர்த் திருமண ஊர்வலம் ஒன்று சென்றது. குதிரைமீது மணமகன், முன்னே பாண்டு வாத்தியம், இருமருங்கும் தலையில் மின்விளக்கு ஏந்திய பெண்கள். விளக்குகளிலிருந்து நீண்ட கம்பி, பின்னால் வந்த ஜெனரேட்டர் வண்டியோடு அவர்களைப் பிணைத்திருந்தது. பெட்ரோமாக்ஸ் போயிற்று, அதைச் சுமந்த தலை போகவில்லை.

நம் இல்லத் திருமணங்களுக்கு ஊரிலிருந்து மேளக்காரர்களை இரயிலேற்றி வரவழைக்கிறோம். கெட்டிமேளம் முழங்கும்போது கண் கலங்குகிறோம். நல்லதே. ஆனால் முகூர்த்தம் முடிந்ததும், ‘அவர்கள் உண்டார்களா?’ என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இனி நம் திருமணங்களில் மேளம் வாசித்தவரும், விளக்குப் போட்டவரும், பந்தல் கட்டியவரும் நம்மோடு ஒரே பந்தியில் அமரட்டும். நம் பிள்ளைகளே அவர்களுக்கு இலை போடட்டும். ஊரில் கண்ட ஒளியைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதைச் சுமந்தவரையும் சொல்லுவோம்.

அந்தத் தோழனிடம் அன்று நான் பேசியிருக்க வேண்டும். பேசாத அச்சொல்லை இன்று உங்கள் முன் பேசிவிட்டேன்.